அம்பிட்டிய மேட்டில் ஊதா உறை

கம்பளையிலிருந்து கண்டிக்கு இருபது கிலோமீற்றர் சொச்சம். இதையும் ஒரு பயணமென்று எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிப்பவர்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனைப் பார்க்க விடிகாலை பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. என் கணவர் சேவியருக்கு இருதய ஒப்பரேஷன், வால்வு மாற்றவேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப்போனது. முதல் தடவை இவருக்குக் காய்ச்சல், அடுத்த தடவை இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. எட்டு வாரமாக என்னைக் கண்டவர்கள் எல்லாரும், "ஆண்டவர் சோதிக்கிறாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இருபத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவள். சோதனை வைத்தால் ஒரு நேரத்தில் பெல் அடித்துத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டாமா? செபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாவது மணியிலேயே எரிச்சல் வந்துவிடும். வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன்.

காலை 5.40. பஸ் கிளம்பியது. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். கெலிஓயாவில் ஆள் சேர்க்கிறோம் என்று பத்து நிமிடம் நிறுத்தினார்கள். "தம்பி, எட்டு மணிக்கு முந்தி நான் ஆஸ்பத்திரியில நிக்கணும்" என்றேன். "எல்லாருக்கும் அவசரந்தான் அம்மா" என்று கண்டக்டர் ஃபுட்போர்டில் நின்றபடி பல் குத்தினான். பேராதனைப் பாலத்தில் இன்னொரு கால் மணி நேரம் போனது. கீழே மகாவலி ஓடுவதை ரசிக்கலாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

8.10. வாட்டுக்குள் ஐந்து நிமிடம் விட்டார்கள். சேவியர் பச்சை உடுப்போடு தள்ளுகட்டிலில் படுத்திருந்தார்.

"பிலோ, அம்பிட்டியில நான் படிக்கிறப்ப போன கோயில் இருக்கில்ல? இன்னைக்கு அங்க பன்னெண்டு மணிப் பூசை. எனக்காக ஒரு கருத்து எழுதிக் குடுத்துட்டு வா."

"நான் இங்கேயே இருக்கேன். கம்பளையில இல்லாத ஆண்டவரா அங்க இருக்காரு?"

"போயிட்டு வா புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

முப்பத்தொரு வருடக் கலியாண வாழ்க்கையில் இந்த மனிதர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஒப்பரேஷன் அறைக் கதவு மூடிய பிறகு நர்ஸ் மிஸ் வந்து, நாலு ஐந்து மணி நேரமாகும், வெளியே இருங்கள் அம்மா என்றார். வெளியே இருக்க ஒரு கதிரைகூடக் காலியில்லை. சரி, போய்த் தொலைவோம் என்று கிளம்பினேன்.

வாசலில் த்ரீவீல்காரர் அறுநூறு கேட்டார். ஐந்து கிலோமீற்றருக்கு அறுநூறா என்று சண்டை போட்டு ஐந்நூறாக்கினேன். வாவியைச் சுற்றி அம்பிட்டிய ஏற்றத்தில் வண்டி முனகும்போது அவர் திரும்பி, "செவ்வாக்கிழமைப் பூசைக்கா அக்கா? நானும் போவேன். எங்க வீட்ல முருகன்தான். ஆனா மகளுக்கு வலிப்பு வந்தப்ப அங்கதான் மெழுகுதிரி பத்தவச்சேன்" என்றார்.

"நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு, இன்னும் வருது. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

இது என்ன பதில்? சாமான் கிடைக்காத கடைக்கு யாராவது திரும்பத் திரும்பப் போவார்களா? இறங்கி ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன். நூறு ரூபாய் குறைத்ததற்கு மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

10.20. கோயிலின் பெயரைச் சொல்லமாட்டேன், காரணம் போகப்போகத் தெரியும். எங்கள் கத்தோலிக்க வேதம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: பூசையில் யாருக்காக வேண்டவேண்டும் என்று பெயரை எழுதி, உறையில் போட்டுக் கொடுப்போம். அதுதான் கருத்து. சுவாமியார் பூசை தொடங்கும்போது அதைச் சபை முன்னால் வாசிப்பார். இந்தக் கோயிலில் உறை இரண்டு நிறம். நோயாளிக்கும் நன்றிக்கும் வெள்ளை, மரித்தவர்களுக்கு ஊதா. மேசையில் இருந்த, பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கும் ஞானோபதேச டீச்சர் பெட்டியைக் குடைந்து பார்த்தார்.

"வெள்ளை முடிஞ்சிருச்சுங்களே. ஊதாவுல எழுதுங்க, நான் மேல நோயாளின்னு போட்டுர்றேன்."

"மறந்துடாதீங்க."

"சேச்சே, எத்தனை வருஷமா பண்றேன்!"

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். செபம் வரவில்லை. வால்வின் விட்டம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன். பக்கத்தில் ஒரு அம்மா ஏப்பம் விட்டுக்கொண்டே பிரார்த்தித்தார். அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லையே என்று அவர்மேலும் கோபம் வந்தது.

12.00. மணி அடித்தது. சுவாமியார், இளவயதுக்காரர், தாளைப் பிரித்து நோயாளிகளின் பெயர்களை வாசித்தார். சேவியர் இல்லை. வாங்கின் நுனிக்கு நகர்ந்தேன். அடுத்த தாளை எடுத்தார்.

"மரித்த சேவியருடைய ஆத்துமத்தின் நித்திய இளைப்பாற்றிக்காகவும்..."

நான் எப்போது எழும்பினேன் என்று தெரியாது.

"ஃபாதர், அவரு சாகல!"

கோயில் முழுக்கத் திரும்பியது. வாயை மூடு பிலோமினா என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

"சாகல! இந்நேரம் நெஞ்சைப் பிளந்து வச்சுக்கிட்டு மேசையில கெடக்காரு. எட்டு வாரமாச்சு. இன்னும் எவ்வளவு நாளைக்கு? எனக்கு அவரு வேணும். கேக்குதா?"

சுவாமியார் பாவம், கையில் தாளோடு விறைத்துப்போய் நின்றார். ஆனால் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தலைக்கு மேலே பீடச் சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தேன். கத்தி முடித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. எட்டு வாரத்தில் நடுவில் நிறுத்தாமல் நான் சொல்லி முடித்த செபம் அது ஒன்றுதான்.

சுவாமியார் தாளை மடித்தார். "இந்த அம்மாவோட சேர்ந்து எல்லாரும் முழந்தாளிடுவோம்" என்றார். அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள். ஏப்பக்கார அம்மா என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். அழ அழ நெஞ்சு இலேசானது, கால்களில் பலம் வந்தது. பூசை முடிந்ததும் ஞானோபதேச டீச்சர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன் என்று சொன்னேன். முழுதாக மன்னிக்க இரண்டு நாளாயிற்று.

3.40. மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டர் வெளியே வந்து, வால்வு வேலை செய்கிறது, இன்று இரவு கவனமாகப் பார்க்கவேண்டும் என்றார். நாலரைக்கு இரண்டு நிமிடம் உள்ளே விட்டார்கள். வாயில் குழாய், கண் பாதி திறந்திருந்தது. குனிந்து காதில் சொன்னேன்.

"உங்களுக்குச் செத்தவங்க பூசையே வச்சாச்சு. இனி பயப்பட ஒண்ணுமில்ல. ஒழுங்கா எழும்பி வாங்க."

என் விரலைப் பிடித்தார். மெதுவாகத்தான், ஆனால் பிடித்தார்.

5.30. கம்பளை பஸ். எங்கள் ஊர்க் கோயிலாக இருந்தால் நான் கத்தியிருக்கமாட்டேன். அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர். மூன்றாம் வாங்கில் முக்காடு போட்டுக்கொண்டு மரியாதையாக இருப்பேன், மரியாதையாகவே வறண்டும் போயிருப்பேன். கெட்டம்பேயில் பஸ் வழக்கம்போல இருபது நிமிடம் நின்றது. காலையில் வந்த அதே கண்டக்டர், அதே பல்குத்தி. கம்பளையில் இறங்கும்வரை அவனோடு சண்டை பிடித்தேன். இடையிடையே செபமாலையும் சொன்னேன், ஐம்பத்து மூன்று மணியும். இரண்டும் ஒரே வாயில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.