சந்திரமதி மாட்டிய புகைக்குழாய்

மலாக்காவின் காஜா பேராங்கில் சந்திரமதியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கூரைமேல் ஏறித் தகரம் மாற்றியது, வம்பு பேசிய பால்காரனை வாயடைக்க வைத்தது என்று ஏகப்பட்டவை உண்டு. அவள் புருஷன் தேவதாஸுக்கு மட்டும் ஒரே ஒரு கதைதான் பெரிது. தன் டாக்ஸியில் ஏறுகிறவர் காது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதைச் சொல்லாமல் அவன் விடமாட்டான்.

அந்த வண்டியின் இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புகை தரை வழியாக மேலே வந்து வண்டிக்குள் நிறையும். 'பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம்' என்று மனுஷன் நாளைக் கடத்தினான். ஒருநாள் மகள் சீதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அந்தப் புகையில் பிள்ளைக்கு மூச்சே நின்றுவிடும் போலாயிற்று. ஏழு வயது, பிறந்ததிலிருந்தே இழுப்பு. உதடு கறுத்து, கண் செருகிவிட்டது. அன்றுமுதல் அப்பாவின் வண்டியைக் கண்டாலே சீதா வீறிட்டாள்.

அதற்கப்புறம்தான் தேவதாஸுக்குப் புத்தி வந்தது. பழைய சாமான் கடையில் வேறு குழாய் வாங்கிவந்தான். மாட்டித் தருவதாகச் சொன்ன மெக்கானிக்கோ, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு பட்டறையில் கொடியைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சீதாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. மற்ற டாக்ஸிகளெல்லாம் டவுனுக்குள் பண்டார் ஹிலிருக்குச் சுதந்திர வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பறந்தன. சாயங்காலத்துக்குள் இழுப்பு முற்றினால் வாசலில் நிற்கும் இந்த வண்டிதான் கதி. இதில் ஏற்றினால் பிள்ளை பிழைக்குமோ என்னவோ.

பதற்றத்தில் தேவதாஸ் குழாயைத் தானே மாட்டிவிடலாம் என்று வண்டியை முன்னால் எடுத்து நிறுத்தினான். நிறுத்திய சூட்டோடு அடியில் புகுந்து குழாயைப் பிடித்தான். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. சந்திரமதி தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றினாள். பிறகு கைலியை வரிந்து கட்டிக்கொண்டாள்.

"நகருங்க."

"ஏய், ஒனக்கு என்ன தெரியும்?"

"எங்கப்பா எஸ்டேட்டு இன்ஜின் ரூம்புல இருந்தாரு. சோறு கொண்டுபோனா ஸ்பானர எடுத்துக் குடுத்துட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். நகருங்கன்னா!"

தேவதாஸ் நகர்ந்தான். பக்கத்து வீட்டுத் தியாகு பிள்ளை ஜாக்கும் கட்டைகளும் கொண்டுவந்தார். அவர் மலாக்காச் செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன தமிழ் வம்சம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். சாமி, அப்பா, அம்மா, சாம்பார் என்று அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். தேவதாஸோ கோபம் வந்தாலும் அவசரம் வந்தாலும் மலாயை மறந்துவிடுவான்.

சந்திரமதி அவசரப்படவில்லை. சூடு ஆறட்டும் என்று பொறுத்தாள். துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். கழற்றியதை எல்லாம் கொட்டாங்கச்சிகளில் போட்டு, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் வைத்தாள். முகமெல்லாம் துரு கொட்ட, பழைய குழாயை இறக்கினாள். குழாயும் இன்ஜினும் சேரும் இடத்தில் இருந்த காஸ்கெட் தகட்டைப் பிரித்து வெளியே நீட்டினாள்.

"இது நல்லாருக்கான்னு தியாகு அண்ணனப் பாக்கச் சொல்லுங்க. வெடிப்பு இருந்தா பொக வந்துரும்."

உள்ளே சீதா இருமினாள். தேவதாஸ் தகட்டை நண்பர் கையில் திணித்து, "தியாகு, காஸ்கெட் பாரு!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினான்.

திரும்பி வந்தபோது தியாகுவைக் காணவில்லை. தகட்டைக் காணவில்லை. அவர் சைக்கிளையும் காணவில்லை. தேவதாஸ் வாயில் வந்ததெல்லாம் பேசினான். சந்திரமதி அடியிலிருந்து வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"அது இல்லாம மாட்டினா பழைய பொகதான்" என்றாள். உள்ளே பிள்ளையின் நெஞ்சு விசிலடிப்பது வாசல்வரை கேட்டது. எதற்கும் கலங்காத அவள் கண் கலங்கியதைத் தேவதாஸ் அன்றுதான் பார்த்தான். எல்லாம் தன் 'பார்த்துக்கொள்ளலாம்' செய்த வேலை என்று அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அந்நேரம் சைக்கிள் மணி கேட்டது. வேர்த்து விறுவிறுத்து வந்திறங்கிய தியாகு பிள்ளை, பளபளவென்று ஒரு தகட்டை நீட்டினார்.

"நா! காஸ்கெட் பாரு!"

மலாயில் நா என்றால் இந்தா, பாரு என்றால் புதிது. இவன் பார்க்கச் சொன்னான். அவர் புதிது வாங்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர்வரை மிதித்திருக்கிறார். கொண்டாட்டத்தில் நின்ற கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கடையைத் திறக்க வைத்திருக்கிறார். அளவுக்குக் கொண்டுபோன பழைய தகட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு துண்டு. வெடிப்போடு இருந்தது, கடைக்காரர் தொட்டதும் ஒடிந்துவிட்டதாம்.

தேவதாஸ் திட்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவரைக் கட்டிக்கொண்டான். என்ன நடந்தது என்று சந்திரமதி சொன்னதும் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவள் மறுபடி வண்டியடியில் இருந்தாள். புதுத் தகட்டை வைத்து, குழாயைப் பொருத்தி, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

இன்ஜின் ஓடியது. "சீதாவத் தூக்கிட்டு வரேன்" என்று தேவதாஸ் கிளம்பினான்.

"இருங்க" என்றாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிகளை ஏற்றினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடுகிற வண்டிக்குள் ஆழமாக மூச்சு இழுத்தாள்.

தேவதாஸ் பாய்ந்து வந்தான். "வெளிய வாடி!" என்று கண்ணாடியைத் தட்டினான். அவள் ஒரு விரற்கடை இறக்கினாள்.

"புள்ள மூச்சு விடப்போற எடம். மொதல்ல நான் விட்டுப் பாக்கறேன். ஆஸ்பத்திரி போற நேரமாவது உள்ள இருக்கணும்."

மறுபடி ஏற்றிக்கொண்டாள். தேவதாஸ் கதவுப்பிடியை விடாமல் நின்றான். தான் மாதக்கணக்கில் சவாரி ஏற்றிய வண்டியில் ஒருநாளாவது இப்படி உட்கார்ந்து பார்த்ததுண்டா என்று நினைத்தான். இவள் கால்தூசிக்கும் பெறமாட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது அவன் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை வந்தது. சீதா, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் அம்மாவையே பார்த்தபடி, தானும் ஏறக் கதவைத் திறந்துவிடச் சொல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.