துவங்க மறுத்த துவக்கு: பலெர்மோவிலிருந்து மலைக்கு 96 கிலோமீட்டர்

நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்து இந்தப் பயணக் கதையைச் சொல்கிறேன். நம்பினால் அது உங்கள் பிழை, என்னுடையதல்ல.

சென்ற பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவி ரீட்டாவும் நாங்கள் வாழும் சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து மதோனியே மலைக்குள் இருக்கும் ஒரு சுடுதளத்துக்குப் போனோம். காரணம், கௌபாய் சுடுபோட்டி. தெரியாதவர்களுக்கு: பெரிய தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, அந்தக்கால அமெரிக்க மாட்டுக்காரர்கள் வைத்திருந்த மாதிரித் துப்பாக்கிகளால், நேரம் பார்க்கும் மணிக்கூட்டோடு போட்டிபோட்டு இரும்புத் தகடுகளைச் சுட்டு விழுத்தும் விளையாட்டு. ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. அடியேன் ‘மன்னார் ஜாக்’. பெயரைக் கேட்டாலே தீவின் மறுகோடி மெசினா வரைக்கும் ஆடுகள் படுத்துவிடும்.

இந்தியத் தமிழ் நண்பர்கள் குழம்பவேண்டாம், எங்கள் ஊர் இலங்கை மன்னாரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். அதனால்தான் எனக்கு எரிச்சல் இரட்டிப்பு. பெயரிலேயே துவக்கத்தை வைத்துக்கொண்டு, மலைக்குப் போனால் துவங்கவே மாட்டேன் என்று நின்றது அந்தச் சாமான்.

என்னுடையது நெம்புத் துவக்கு. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும், அதுதான் நெம்பு. அதற்குள் விரல்களை விட்டுக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே பாயும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். நல்லாயிருந்தால் தையல் மெஷின் மாதிரி ஓடும். கோடை முழுக்க அப்படித்தான் ஓடியது. நவம்பர் போட்டியில் இறுகியது. ஜனவரியில் மன்னாரிலிருந்து கயிறிழுக்கும் குழுவொன்றைக் கூட்டிவந்தாலும் அசையாது என்கிற மாதிரி இறுகியது. சுடுதளத்தின் பொறுப்பாளர் எலேனா அம்மையார், இங்கத்து மொழியில் சிஞ்ஞோரா எலேனா, மூன்றாம் தரமும் சுடும் கோட்டில் இறுகினால் இந்தத் துவக்கை வருஷம் முடியும்வரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். தோட்டாவோடு இறுகி நிற்கும் துவக்கு பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

இடைப்பட்ட நாட்களில் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் இருக்கும் துவக்குத் திருத்துநர் சால்வோவிடம் மூன்று முறை போனேன். கடல்பக்கத்துச் சந்துக்குள் சின்ன வேலைத்தலம். உள்ளே விறகடுப்பு எரிந்து ரொட்டி சுடும் பாண் போறணை மாதிரி வெக்கை. சால்வோ நெம்பின் ஸ்பிரிங்கை மெல்லியதாக்கினார். தோட்டாவைத் தூக்கித் தரும் துண்டின் ஓரங்களை மினுக்கினார். தோட்டாக் குழாயின் ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெட்டினார். வெட்டி முடித்து ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். ஓர் இலையான், அதாவது ஈ, வந்து குந்தினாலே திறந்துகொள்ளும், அவ்வளவு இலகு. வீட்டில், ரீட்டா சமைக்கும் குசினியில் நின்று வெறும் துவக்கை ஆட்டிப் பார்த்தேன். அங்கும் வழுக்கிக்கொண்டு ஓடியது. மலைக்குப் போனால் மட்டும் கல். மூன்றாம் முறை போனபோது, துவக்கைப் பார்ப்பதை விட்டு சால்வோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை என்பதை உலகம் அறியவேண்டும். வாங்கிய அன்றே சால்வோ சொன்னது: எண்ணெய் ஒரு துளிதான், அதுவும் ஒலிவ் எண்ணெய் கிட்டவும் வரக்கூடாது, பிசினாகிவிடும். சிசிலிக்காரர் ஒருவர் ஒலிவ் எண்ணெயைப் பழித்துப் பேசியது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. நான் சொல் தட்டவில்லை. ஒலிவ் எண்ணெய் ஒரு சொட்டும் விடவில்லை.

சனி மாலைப் பூசையைக் கண்டுவிட்டு, ஞாயிறு காலை ஆறு பத்துக்குக் காரை எடுத்தோம். ரீட்டாவுக்கு லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் வேலை. கிழமையில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஓய்வு நாள், அதையும் உங்கள் இரும்போடு கழிக்கவேண்டிக் கிடக்கு என்ற பிரசங்கம் வீதி வேலை நடக்கும் முதல் பாலம் வரை நீண்டது. கத்தானியா நெடுஞ்சாலையில் இந்தப் பக்கம் கட்டணம் இல்லை; அதற்குப் பதிலாக வீதி வேலைத் தடுப்புகள். இறங்கும் இடத்தில் கோப்பி 1.20 யூரோ, கொர்னெத்தோ என்கிற பிறை வடிவப் பணிஸ் 1.50. ரீட்டா கோப்பி குடிக்கமாட்டாள். பால் விடாத பிளேன்ரீக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் இல்லாமல் மலை ஏறமாட்டாள். மொத்தம் 96 கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைசி 20 கிலோமீட்டர் வளைவுகளில் என் காரின் பின்பக்கத்தை நானே இரண்டு தடவை முந்தினேன்.

சுடுதளத்தில் குளிர் எப்படியென்றால், நான் சொன்ன காலை வணக்கம், ‘புவோன்ஜோர்னோ’, வாயிலிருந்து விழுந்து நிலத்தில் உடைந்தது. பதிவுக்கு 25 யூரோ. துவக்கைத் தொட அனுமதியுள்ள பாதுகாப்பு மேசையில் வைத்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க நெம்பைத் தள்ளினேன். கல். என் முறைக்கு நாற்பது நிமிடம் இருந்தது. சால்வோவை, ஸ்பிரிங்கை, அமெரிக்காவைக் கண்டுபிடித்தவரை எல்லாம் வரிசையாகத் திட்டினேன்.

பக்கத்தில் ரீட்டா, குளிருக்கு வெடித்த கைகளுக்குப் பூச, கைப்பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. போத்தலைப் பார்த்தாள். துவக்கைப் பார்த்தாள். பிறகு என்னை.

“இஞ்சருங்கோ, உந்தத் துவக்குக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?”

“ஒலிவ் எண்ணெய் இல்லை.”

“என்ன எண்ணெய் எண்டு கேட்டனான்.”

“குசினியிலை அடுப்புக்குப் பக்கத்திலை நிக்கிறது.”

“அது என்ரை தலைக்கு வைக்கிற எண்ணெய். அடுப்படியிலை ஏன் வைக்கிறனான் எண்டு ஒரு நாளாவது யோசிச்சனீங்களோ?”

யோசிக்கவில்லை. ஒலிவ் வேண்டாம் என்ற சால்வோ தேங்காயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? தேங்காயெண்ணெய் அவர் போறணையில் உருகும், எங்கள் குசினியில் உருகும், மலையில் மெழுகாகும். மூன்று மாதமாக நான் மினுக்குவித்ததெல்லாம் மெழுகுக்குள் கிடந்த இரும்பை.

சிஞ்ஞோரா எலேனாவைக் கூப்பிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ரீட்டா சுடுதண்ணீரை நெம்பின் இடுக்குகளுக்குள் மெதுவாக ஊற்றினாள். வெள்ளை வெள்ளையாக வழிந்தது. மலை முழுக்கக் கல்யாண வீட்டுத் தலைவாசம். தொப்பி போட்ட பெரிய கௌபாய் ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, யார் இங்கே பிஸ்கட் சுடுகிறார்கள் என்று கேட்டார். துடைத்து, உலர்த்தி, எலேனா தந்த துவக்கெண்ணெயில் ஒரு துளி விட்டோம். நெம்பைத் தள்ளினேன். தையல் மெஷின்.

“பிளேன்ரீக்கு வைச்ச தண்ணி,” என்றாள் ரீட்டா. “இனி நான் என்னத்தைக் குடிக்கிறது?”

என் முறை வந்தது. பத்துத் தோட்டா, பத்துத் தகடு. நெம்பு ஒரு தரமும் தடங்கவில்லை. குண்டுகள் போன வேகத்தில் ஏழு தகடுகளுக்குத் தாங்கள் அடிபட்டதே தெரியவில்லை, நின்றபடியே நின்றன. எலேனா மணிக்கூட்டைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார்.

“துவக்கு வரலாம்,” என்றார். “ஆளைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும்.”

போக நினைப்பவர்களுக்கு: பொலிஸ் தலைமையகமான கொஸ்தூராவில் விளையாட்டுத் துவக்கு அனுமதி எடுக்கப் பொறுமை வேண்டும், இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ எடுத்துப் பழகியவர்களுக்கு அது பரவாயில்லை. துவக்கை வெறுமையாக்கி உறையில் போடுங்கள், தோட்டா வேறு பெட்டியில் இருக்கட்டும். ஸ்பிரிங்கில் கைவைக்கும் முன் முழுதாகக் கழுவிப் பாருங்கள், குளிரிலும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். எண்ணெய் எது என்று கேட்டு வாங்குங்கள். எது வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். சுடுதண்ணீர் இரண்டு போத்தல் கொண்டுபோங்கள், ஒன்று துவக்குக்கு, மற்றது மனைவிக்கு.

உறைந்த புவோன்ஜோர்னோ பொய், முந்திய கார் பொய், திகைத்து நின்ற தகடுகள் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அந்த எண்ணெய். நம்பாவிட்டால், தை மாதத்தில் உங்கள் வீட்டுப் போத்தலை அடுப்படியிலிருந்து எடுத்து ஓர் இரவு சூடில்லாத குளியலறையில் வைத்துப் பாருங்கள்.