கால்வாய் நிறைய ஆலங்கட்டி

யாங்கோனில் தாமுவே பகுதியில் குடியிருக்கிறோம். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துத்தான் துவைக்க, கழுவப் புழங்குகிறோம். கோடை முடிந்து வரும் முதல் மழை கூரைத் தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும். அது பீப்பாயில் விழக்கூடாதென்று பழைய லுங்கித் துணியைச் சுருட்டி, கால்வாயிலிருந்து இறங்கும் குழாயின் வாயை அடைத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அன்று மாலை மழையோடு ஆலங்கட்டி கொட்டியது. நாற்பத்தாறு வயதில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கூரையில் இடித்த சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. ஓய்ந்ததும் வெளியே ஓடினேன். தெரு முழுக்க உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. நிமிர்ந்தால், கால்வாயில் விளிம்புக்கு மேல் குவிந்து மின்னிக்கொண்டிருந்தது பனிக்கட்டி. கண்ணை எடுக்க முடியாமல் அதன் அடியிலேயே நின்றுவிட்டேன்.

"அக்கா, இங்க வந்து பாருங்க, எங்க வாளியே நிறைஞ்சிருச்சு" என்று எதிர்வீட்டு லட்சுமி கூப்பிட்டாள்.

நாலு எட்டு வைத்திருப்பேன். ஆணிகள் பிடுங்கிக்கொள்ள, கால்வாய் பனிக்கட்டியோடு சற்றுமுன் நான் நின்றிருந்த இடத்தில் விழுந்தது.

குழாய்க்குள் இருந்த துணியைக் கணவர் உருவினார். "தண்ணியும் போக வழியில்ல, பனியும் சேர்ந்துச்சு. தகரம் எவ்வளவுதான் தாங்கும்?" என்றார்.

இப்போதெல்லாம் குழாயை அடைப்பதில்லை. முதல் மழைக்குப் பீப்பாயைத்தான் தள்ளி வைக்கிறேன். இன்னொரு முறை ஆலங்கட்டி பெய்தால், ஓய்ந்தபின் நடுத்தெருவில் நின்றுதான் அதிசயிப்பேன்.