கதவுக்கு வெளியே நின்றவள்

தனலெட்சுமி டீச்சர் இறந்த செய்தி, பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வந்தது. அவள் கணவர் ஆறுமுகம் அண்ணனின் தம்பி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் ஜன்னலோரம் நின்று, "டீச்சர், அண்ணி போயிட்டாங்க" என்றார். என் கையில் சாக்கட்டி இருந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை அவளை அறிந்த உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை வகுப்பில் நான் சொல்வதற்கு மேலே யாரும் எதையும் சொல்லப் போவதில்லை என்று தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபின் நிற்கவில்லை.

வாசகசாலைக்காரர்கள் என்னை எழுதச் சொன்னபோது, "நீங்கதானே டீச்சர் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்" என்றார்கள். நெருக்கம்தான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சம்பளம், ஒரே பஸ். அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. போனவளை மெச்சிப் பேச வேண்டிய இடத்தில் இது என்ன பேச்சு என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அவள் எழுதியதை இந்த மலாக்காவில் என்னைவிடக் கவனமாகப் படித்தவர்கள் இல்லை. உங்களில் பலர் பாதியில் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படித்திருப்பீர்கள். நான் அப்படி ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போனதில்லை.

காஜா பேராங் வட்டாரத்தில் மளிகைக்கடை மாடியில் வாசகசாலை தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரில் கதை வர வேண்டும் என்று ஊரில் பாதிப்பேருக்கு ஆசை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் மருதமுத்துவுக்கு ஆசை, தையல்கடைக்காரருக்கு ஆசை. எனக்கு அவர்கள் எல்லாரையும்விட அதிகம். நான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அகராதியோடு மல்லுக்கட்டி, கதைக்கலையின் சொற்களுக்கெல்லாம் தமிழ் தேடினேன். நோக்குநிலை, குறியீடு, முன்னறிவிப்பு, பின்னோக்கு, முரண்நகை. முதல் ஞாயிறு நோக்குநிலையை விளக்கினேன். தன்மையில் சொல்வது, படர்க்கையில் சொல்வது, எல்லாம் அறிந்தவராக நின்று சொல்வது என்று வகை பிரித்துக் கரும்பலகை நிறைய எழுதினேன். மருதமுத்து கொட்டாவியை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து தனம் எழுந்தாள். "போன வாரம் செங் பக்கம் போற பஸ் கால்வாய்ல எறங்கிச்சே, தெரியுமில்ல?" என்று தொடங்கினாள். முதலில் டிரைவராக மாறி, எதிரே வந்த மாட்டைத் திட்டினாள். அடுத்து கண்டக்டராகி, டிரைவர் காலையிலிருந்தே தூக்கக் கலக்கம் என்று காதோடு சொன்னாள். கடைசியில் பசாருக்குக் கோழிக்கூடையோடு போன ஒரு பெண்ணாகி, பஸ்ஸைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், தப்பி ஓடிய சேவலைப் பற்றி மட்டும் புலம்பினாள். மாடியே சிரித்தது. "அவ்வளவுதாங்க. யார் கண்ணு வழியா பாக்கறோமோ அவங்க கதைதான் நமக்குக் கெடைக்கும். மிச்சம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கீழே இறங்கும்போது எல்லாரும் சேவலைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். கரும்பலகையை நான்தான் அழித்தேன்.

அன்று முதல் ஞாயிறுதோறும் இதே கூத்துதான். சொல்லை நான் கொண்டுவருவேன், அதற்கு உயிர் கொடுத்து அவள் பெயர் வாங்கிக்கொண்டு போவாள். திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொல்லிக் குடுத்தாத்தான்டி எனக்கு அதுக்கெல்லாம் ஒரு பேர் இருக்குன்னே தெரியுது" என்பாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

இனிச் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. சுதந்திரம் வந்த வருஷம், போகியன்று நடந்தது. எங்கள் தெருவில் மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் நாகம்மா. கோயில், பொட்டு, பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அவர்களின் முன்னோர் கப்பலேறி வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. தமிழில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் மிச்சம். போகியன்று அவர்கள் இறந்துபோன முன்னோருக்கு விருந்து படைப்பார்கள். அதற்குப் பர்ச்சு என்று பெயர். எங்கள் இரண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தார் நாகம்மா.

வாசலில் நின்று "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்தார். தனம் கால் கழுவப் பின்பக்கம் போனாள். நான் நேரே உள் அறைக்குப் போனேன். தரையில் வாழையிலைகள் வரிசையாகப் போட்டு, சோறு, குழம்பு, மீன், பழம், பலகாரம் எல்லாம் பரிமாறியிருந்தது. எங்கள் வீட்டிலும் படையல் உண்டு, ஆனால் ஒரே ஓர் இலைதான். இப்படி வரிசையாக இலையைப் பார்த்தால் எந்தத் தமிழச்சிக்கும் பந்தி என்றுதான் தோன்றும். மற்றவர்கள் ஊதுவத்தியோடு மறுபக்கம் திரும்பி நின்றார்கள். நான் அலமாரி மறைவில் இருந்த கடைசி இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கும்பிட்டு முடித்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கைகழுவப் போகிறார்கள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

முன்னோர் வந்து சாப்பிடும்வரை யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது வழக்கம். சற்று நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் அந்த வீட்டில் திறப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, மூடிய அறையும் எதிரே இருந்த இலைகளும்தான். நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். நான் வாய் தவறிக்கூட அல்ல, நம் வீட்டில் சொல்வதைப் போலவே, "யாரு? உள்ள வாங்க" என்றேன்.

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது, தனம் பக்கத்தில் நிற்க, நாகம்மா தரையில் உட்கார்ந்திருந்தார், கன்னமெல்லாம் கண்ணீர். என்னைப் பார்த்ததும் திகைத்தார், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். என்னை எழுந்திருக்கவே விடவில்லை. முன்னோரே ஆளை அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்று மலாயில் சொல்லி, அந்த இலையிலேயே என்னைச் சாப்பிட வைத்தார். மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் அந்தத் தெருவழியே நடக்கவில்லை.

அந்த வாரம் தனம் கேட்டாள்: "உள்ள அவ்வளவு நேரம் என்னடி செஞ்ச?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம எப்படி? நீ பேசற சத்தம்கூட லேசா கேட்டுச்சே."

"உனக்கெதுக்கு?" என்றேன். அவள் விட்டுவிட்டாள்.

சுதந்திரக் கொண்டாட்டத்தின்போது வாசகசாலைக் கூட்டத்தில் ஒரே ஒரு கதை வாசிக்கப்படும் என்று அறிவித்தார்கள். நான் மூன்று மாதம் உழைத்து ஒரு கதை எழுதினேன். கொடி குறியீடு. முதல் பக்கத்தில் கூவும் சேவல் முன்னறிவிப்பு. ஜப்பான்காரன் காலம் பின்னோக்கு. முரண்நகையும் உண்டு, உச்சக்கட்டமும் உண்டு. தனத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் இருக்குடி. ஆளுதான் யாரையும் காணோம்" என்றாள். அன்றைக்கு நான் அவளோடு பஸ் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனேன்.

தேர்வானது அவள் கதை. மேடையில் அவள் வாசிக்கத் தொடங்கியபோது நான் முன்வரிசையில் இருந்தேன். போகி நாள், செட்டி வீடு, வரிசை இலைகள், தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்ட ஒருத்தி. எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஆனால் கதை அந்த ஒருத்தியோடு உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. வெளியே காத்திருக்கும் கிழவியின் முகத்தைத்தான் சொன்னது. தட்டியதும் உள்ளிருந்து தமிழில் ஒரு குரல் வருகிறது. பாட்டனும் பூட்டனும் பேசிய பேச்சு. தனக்கு வராத பேச்சு. கிழவி கதவருகே அப்படியே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே பதிலாக, "அம்மா" என்கிறாள். கதை அங்கே முடிந்துவிட்டது. கதவு திறந்ததா, உள்ளே யார், அவள் அங்கே என்ன செய்தாள், எதுவும் இல்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். மருதமுத்து என் பக்கம் குனிந்து, "உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டாங்க பாருங்க டீச்சர், அங்கதான் கதை நிக்குது. இதுக்கு நம்ம வகுப்புல ஒரு பேர் சொன்னீங்களே, என்னா அது?" என்று கேட்டார். சொல்லாமல் விட்டது அவளுடைய சாமர்த்தியம் என்று ஊரே மெச்சியது. அவள் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது என்பதுதான், நான் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய முரண்நகையை என் ஆங்கிலப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை.

நாகம்மா அன்று "அம்மா" என்றாரா என்று பிறகு தனத்திடம் கேட்டேன். "ஆமாடி, உனக்குக் கேக்கலியா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. எனக்கு நடந்ததில் நல்ல பாதி அவளுக்குப் போய்விட்டது. நான் உள்ளே இருந்தேன், கதை வெளியே இருந்தது. கிழவியின் கண்ணீரை நானும் பார்த்தேன். எனக்கு அது என் மானக்கேட்டின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்தது. அதைக் கதையாகப் பார்க்க அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எத்தனையோ நாள் புழுங்கியிருக்கிறேன். இன்றுவரை அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வயிற்றில் கட்டி என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் மறுபடியும் கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுடி. உள்ள என்ன செஞ்ச?"

"சொன்னா நீ எழுதிடுவே."

"எழுதற கையில ஊசியக் குத்தி வச்சிருக்காங்க. கதைக்கு இல்லடி. அந்தப் பாதி எங்கிட்ட இல்ல. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

"நல்லபடியா வீட்டுக்கு வா. சொல்றேன்."

"கெட்டிக்காரிடி நீ" என்று சிரித்தாள். நான் நிஜமாகவே அவள் வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற சந்தோஷத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஆறுமுகம் அண்ணனிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணே, தனம் எப்பவாச்சும் என்னை நெனச்சு வயித்தெரிச்சல் பட்டிருக்காளா? நான் படிச்சது, எனக்குத் தெரிஞ்சது, ஏதாச்சும்?" அவர் பதறிப்போனார். "சேச்சே, ஒரு நாளும் இல்லீங்க டீச்சர். உங்க பேரச் சொன்னாலே அவளுக்குச் சிரிச்ச முகந்தான்" என்றார். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். இத்தனை வருஷமும் நான் மட்டுமே தனியாக எரிந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. அவள் செத்ததைவிட அது வலித்தது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் வலித்தது.

கருமாதியன்று அவளுக்குப் படைத்தார்கள். ஒரே இலை. சோறு, அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பால், ஒரு கிளாஸ் காப்பி. நாகம்மாவும் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். கும்பிட்டு முடிந்ததும் எல்லாரும் வெளியே போனார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"டீச்சர், கதவச் சாத்தணும். வாங்க" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"நீங்க சாத்துங்கண்ணே."

நாகம்மா அவர் கையைத் தொட்டு ஏதோ மலாயில் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. நான் அவள் இலையைப் பார்த்தபடி, அந்தப் போகியன்று மூடிய அறைக்குள் நான் என்ன செய்தேன், யாரிடம் பேசினேன் என்பதை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னேன். எதையும் விடவில்லை. அவளால் இனி அதை எழுத முடியாது என்று நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சொல்லி முடித்தபின் கதவைத் தட்டினார்கள். இந்தத் தடவை நான் குரல் கொடுக்கவில்லை.

தனத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான். கரும்பலகை நிறைய எழுதியும் எனக்கு வராதது, அவளைப் புதைத்த பிறகு வந்திருக்கிறது. உள்ளே நான் என்ன சொன்னேன் என்பதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நீங்கள் வெளியே நில்லுங்கள். அவள் அங்கே நின்றுதான் அந்தக் கதையை எழுதினாள்.