கையெழுத்து வாங்காமல் போகக்கூடாது

கிடங்கில் ஆட்களை அடித்துக்கொண்டிருந்த காலம்வரை அய்யாக்கண்ணு வீட்டில் அவ்வளவாக அடித்ததில்லை. இதைத் தனலெட்சுமி பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தாள்.

ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் இருந்த அந்த மளிகைக் கிடங்கில் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே வேலை. அவள் அலமாரிகளிலிருந்து சாமான் எடுத்துக் கட்டுபவள். அவன் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. வீடுகளிலிருந்து போனில் வரும் ஆர்டர்களை எந்த வேன் எங்கே கொண்டுபோவது என்று அவன்தான் சொல்வான். புலாவ் தீக்குஸ் பங்களாக்களுக்குப் போகிறவனுக்குக் குளிர்ந்த சிரப்பும் கையில் ஏதாவதும் கிடைக்கும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போகிறவனுக்குக் கெட்டுப்போன லிஃப்ட் கிடைக்கும். முகம் சுளித்தவனுக்கு அறை விழும். மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் அய்யாக்கண்ணுவின் இடுப்பில் தொங்கும். அதன் மரப்பிடி முதுகுகளுக்கு.

மழைநாள் ஒன்றில் அர்ஜுனன் என்ற டிரைவர் அவசரப்பட்டு ஒரு வீட்டு வாசலிலேயே அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வந்துவிட்டான். மூட்டை நனைந்தது. அய்யாக்கண்ணு அவனை வேன் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அறைந்தான்.

"வாசல்ல போட்டுட்டு வர்றதுக்கு நாய்க்கா சோறு வைக்கிற? அரிசின்னா தோள்ல தூக்கி, அடுப்படி வரைக்கும் போய், டின்னுல கொட்டிட்டு வரணும்டா! இந்தக் கம்பெனி பழக்கம் அதுதான்லா!"

அன்றிலிருந்து அர்ஜுனனுக்கு இடது காது கேட்பதில்லை. தனலெட்சுமி அவனுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடிதான் அந்த இடத்தை ஒழுங்காக நடத்துகிறது என்று அங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவளும் நம்பியிருந்தாள். அடி அடுத்தவன் முதுகில் விழும்போது அப்படி நம்புவது சுலபம்.

தொண்ணூற்றொன்பதில் முதலாளிமார் கடையை இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். வேலை முறையைத் திருத்தியமைக்கக் கோலாலம்பூரிலிருந்து ரோஹானா என்ற பெண் வந்தாள். கையில் காகிதமும் பேனாவுமாக ஏற்றுமிடத்தில் நாள்முழுக்க நின்றாள். சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினாள். கட்டங்கள், அம்புக்குறிகள், நடுவில் ஒரு வைரக் கட்டம்.

"எந்த வேன் எங்கே போகணும்னு யார் முடிவு செய்றது?" என்று மலாயில் கேட்டாள்.

எல்லோரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவன் மீசையைத் தடவிக்கொண்டான். அந்த வைரக் கட்டம் தான்தான் என்பது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் ஒட்டிய படத்தில் அது இல்லை.

இனி கம்ப்யூட்டர் வழியைப் பிரிக்கும், டிரைவர் சீட்டைக் கிழித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சாமான் கேட் வரைக்கும் மட்டும், வீட்டுக்குள் நுழையக்கூடாது. யார் பேரில் ஆர்டரோ அவர் தன் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும், அது வாங்காமல் இடத்தைவிட்டு நகரக்கூடாது. சாமான் குறைந்தது, மாறியது என்ற தகராறுகளுக்காக ரோஹானா போட்ட விதிகள் இவை. தகராறு குறைந்தது உண்மை. முதுகுகளும் பிழைத்தன. அதற்குமேல் அந்த முறையைப் பாராட்டுவதற்கில்லை.

அய்யாக்கண்ணுவைத் திரும்பி வந்த சாமான்களின் மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே நெளிந்த பால்டின்களும் வண்டு விழுந்த மாவும்தான். அடிக்க ஆள் இல்லை. ஒருநாள் கீபோர்டை ஓங்கி அறைந்தான். எழுத்துக் கட்டைகள் பல் உதிர்ந்த மாதிரி சிதறின. டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் முகத்துக்கு நேரே சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வேலையிலிருந்து ஒரு படியை உருவிவிட்டால், அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தது எங்கே போகும்? ரோஹானாவின் படத்தில் அதற்கு அம்புக்குறி இல்லை. அது பஸ் ஏறி, சம்சு குடித்து, அவர்கள் குடியிருந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது.

முதலில் கன்னம். பிறகு முடியைப் பிடித்துச் சுவரில். மீனில் உப்புக் குறைந்த அன்று கொக்கியின் மரப்பிடி அவள் விலாவில் இறங்கியது. மூச்சு இழுக்க முடியாமல் தரையில் கிடந்தாள். பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

காப்பாற்றியது, அல்லது அப்போதைக்கு நிறுத்தியது, ஒரு உப்புப் பாக்கெட். புது முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கிடங்கு ஆட்களை அவரவர் வீட்டுக்கே ஏதாவது ஆர்டர் போடச் சொல்லியிருந்தாள் ரோஹானா. தனலெட்சுமி உப்புக்குப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். அன்று மாலை அவள் முடி அய்யாக்கண்ணுவின் கையில் இருந்தபோது மணி அடித்தது. கிரில் கதவுக்கு வெளியே அர்ஜுனன் நின்றான்.

"சைன் போடணும்க்கா."

"நான் போடுறேன், குடு" என்றான் அய்யாக்கண்ணு.

"முடியாதுண்ணே. பேர் அக்கா பேரு. அக்காதான் போடணும். அதுவரைக்கும் நான் இங்கதான்."

உதடு கிழிந்த வாயோடு அவள் வந்து கிரில் இடுக்கு வழியாகக் கையெழுத்துப் போட்டாள். அர்ஜுனன் பார்த்தான். அன்று இரவு அய்யாக்கண்ணு அவளைத் தொடவில்லை. ஒரு ஆள் பார்த்துவிட்டுப் போன வீட்டில் அவன் கை ஏனோ எழவில்லை.

மறுநாள் அவள் மறுபடியும் உப்புக்கு ஆர்டர் போட்டாள். அடுத்த நாள் கறிவேப்பிலை. பிறகு தீப்பெட்டி. நேரம் ஒன்றேதான், மாலை ஏழு மணி. டிரைவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு முணுமுணுப்பு நின்றுபோனது. மாற்றி மாற்றி வந்தார்கள். எல்லோரும் அவனிடம் ஒருகாலத்தில் அடி வாங்கியவர்கள். கிரில் முன்னால் நின்று அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"காக், உங்க வீட்டுல தினமும் உப்பு எதுக்கு?" என்று ரோஹானா ஒருநாள், அக்கா என்பதை மலாயில் சொல்லி, சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் தனலெட்சுமியின் கழுத்தில் இருந்த நீலத் தடத்தில் நின்றது. தனலெட்சுமி காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாங்க உப்பு அதிகமா சாப்பிடுவோம், பாஸ்."

ரோஹானா தலையாட்டிவிட்டுத் தன் காகிதத்துக்குத் திரும்பினாள். கெட்டவள் இல்லை. கண்ணில் பட்டதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாதவள். அந்த வாரக் கடைசியில் சோதனை முடிந்தது, இனிச் சில்லறை ஆர்டர்களுக்கு வேன் கிடையாது, பெரிய ஆர்டராக இருக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

வேன் வராத மாலைகளில் அய்யாக்கண்ணு சேர்த்து வைத்துக் கொடுத்தான். இரண்டு மாலை தாங்கினாள். மூன்றாம் நாள் பெரிய ஆர்டராகவே போட்டாள். அரிசி மூட்டை.

அதே நாள் பகலில், திரும்பி வந்த சாமான் மூலைக்கு வந்த டிரைவர் ஒருவன் வாய் தவறி உளறிவிட்டான்: "என்னாண்ணே, வீட்டுல உப்பு வியாபாரம் நின்னு போச்சா? தினமும் ஏழு மணிக்கு உங்க மூஞ்சியப் பாக்காம பசங்களுக்குத் தூக்கம் வரலையாம்லா!"

அய்யாக்கண்ணு குனிந்தபடியே ஒரு பால்டின்னைத் துடைத்தான். புரிந்துவிட்டது.

மாலையில் வீட்டுக்குள் வந்ததும் கிரில்லைப் பூட்டிச் சாவியை டவுசர் பையில் போட்டுக்கொண்டான். "ஆள் வரவைக்கிறியா? என்னைக் காவல் காக்க ஆள் வரவைக்கிறியா?" என்றான். இந்தத் தடவை மரப்பிடி இல்லை. கொக்கியைத் திருப்பிப் பிடித்திருந்தான். அவள் தடுக்கத் தூக்கிய வலது கை மணிக்கட்டில் இரும்பு விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. அடுப்படிக்குத் தவழ்ந்தாள். அவன் பின்னாலேயே வந்து இடுப்பில் உதைத்தான்.

மணி அடித்தது.

"தனலெட்சுமியக்கா பேர்ல அரிசி" என்று அர்ஜுனனின் குரல் கேட்டது.

அய்யாக்கண்ணு கூடத்துக்குப் போனான். "அவ இல்ல. வெளிய போயிருக்கா."

"செருப்பு இங்க இருக்கேண்ணே."

"இல்லன்னா இல்ல. போடா!"

"போக முடியாதுண்ணே, சைன் வாங்கணும். இல்லாட்டி..." நடைபாதையில் யாரோ கழுவிவிட்ட தண்ணீர் தேங்கியிருந்தது. "இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். மூட்டைய இங்கயே தண்ணியில போட்டுட்டு, வாசல்ல விட்டாச்சுன்னு எழுதிட்டுப் போறேன். நாய் ஏதாச்சும் தின்னட்டும்லா."

தனலெட்சுமி அடுப்படித் தரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனின் மூச்சு மாறியதும் அவளுக்குக் கேட்டது. அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பழக்கம்தான். தன் வாசலில், தண்ணீரில், அரிசி கிடப்பதா?

"எவன்டா வாசல்ல போடுறவன்?" என்று கத்தினான். சாவி திரும்பியது. "குடுடா இப்படி!"

"நீங்க தூக்கக்கூடாதுண்ணே. நான்தான் தூக்கணும். தோள்ல வச்சு, அடுப்படி வரைக்கும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

மூட்டை தோளில் இருக்க அர்ஜுனன் நேரே அடுப்படிக்கு வந்தான். தரையில் கிடந்தவளைப் பார்த்தான். "சைன் போடணும்க்கா" என்றான்.

அய்யாக்கண்ணு இடது பக்கமாக வந்ததால் அர்ஜுனனுக்குக் காலடி கேட்கவில்லை. கொக்கி தோளுக்குப் பின்னால் இறங்கியது. அர்ஜுனன் அலறினான். மூட்டை சரிந்து கிழிந்து அரிசி அடுப்படி முழுக்க ஓடியது. கொக்கியை உருவி மறுபடியும் ஓங்க, அய்யாக்கண்ணு அடுப்பு மேடையில் மறு கையை ஊன்றினான்.

அந்தக் கைக்குப் பக்கத்தில் சம்பல் இடிக்கும் கல் உரல் இருந்தது. தனலெட்சுமி எழுந்தாள். இடது கையால் அதன் குழவியை எடுத்தாள். ஊன்றியிருந்த விரல்கள்மீது போட்டாள். விரல்கள் நசுங்கின. கொக்கி கீழே விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இனி அவனால் அடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு தடவை அடித்தாள், முழங்காலில், பலங்கொண்ட மட்டும்.

முதல் அடி தேவைக்கு. இரண்டாவது எதற்கு என்று பின்னாளில் யாராவது கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அதை நியாயம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் வரவில்லை.

அர்ஜுனனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் இடது கையால் சீட்டில் கோணலாகக் கிறுக்கினாள். பழக்கம்தான். பிறகு அவனைத் தாங்கிப் பிடித்துப் படி இறங்கினாள். அய்யாக்கண்ணுவின் முனகல் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது. பக்கத்து வீட்டில் டிவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்க்கா" என்றான் அர்ஜுனன், ஒற்றைக் கையால் வேனை ஓட்டியபடி.

"பின்னால ஒரு ஆர்டர் இருக்கே."

"அது மெக்கலிஸ்டர் ரோடு யோகலட்சுமியம்மா. கெடக்கட்டும்லா."

"வழியிலதானே இருக்கு. விட்டா நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. எனக்கு இருக்கிறது இனி இந்த வேலை ஒண்ணுதான், தம்பி."

யோகலட்சுமியின் மகன் லண்டனில் இருந்தான். அங்கிருந்தே இன்டர்நெட்டில் அம்மா பேரில் சாமான் போடுவான். அவன் போடுகிற எதுவும் அம்மாவுக்குப் பிடிக்காது, திட்டு டிரைவருக்கு. தனலெட்சுமி பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கேட் மணியை அடித்தாள்.

"இப்பதான் வாறியளோ? ஏழு மணி எண்டு போட்டிருக்கு, இப்ப நேரம் என்ன?" என்று கேட்டபடியே யோகலட்சுமி வந்தார். "அவன் திரும்பவும் அந்தக் கசப்புத் தேயிலையோ போட்டவன்? நான்..."

வாசல் விளக்கு தனலெட்சுமியின் முகத்தில் விழுந்தது. தொங்கிய மணிக்கட்டிலும் விழுந்தது.

"ஐயோ பிள்ளை! என்ன இது? உள்ளே வா!"

"கேட் வரைக்கும்தாம்மா. உள்ள வரக்கூடாது, ரூல்ஸ். சைன் போட்டுக் குடுங்க, நாங்க கிளம்பணும்."

யோகலட்சுமி பேனாவை வாங்கினார். சீட்டைப் பார்த்தார். வேனுக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தவனைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிக் கவுன் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் சைன் வைக்காட்டி நீங்கள் போக ஏலாதுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப நான் வைக்கேல்லை." கேட்டை அகலமாகத் திறந்தார். "அந்தப் பொடியனையும் கூப்பிடு. ரெண்டு பேரும் வந்து கதிரையில இருங்கோ. நான் ஆம்புலன்சுக்கும் பொலிசுக்கும் போன் பண்ணிப்போட்டு வாறன். அவையள் வந்த பிறகு, யார் இதைச் செய்தது எண்டு நீ அவையளுக்கு முன்னால சொல்லு. அதுக்குப் பிறகு வைக்கிறன் சைன்."

தனலெட்சுமி கேட்டில் நின்றாள். விதிப்படி உள்ளே போகக்கூடாது. விதிப்படி இங்கிருந்து போகவும் கூடாது. முறிந்த கை அப்போதுதான் முழுசாக வலிக்கத் தொடங்கியது. அவள் வேன் பக்கம் திரும்பி, "இறங்கு தம்பி" என்றாள்.