அச்சு முறுக்கு சுட்ட கையும் மூங்கில் வில்லும்

வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஜனவரித் திருவிழா என்றால் பூசைக்கு முன்னால் வில்தான். எங்கள் கோயிலின் புனிதர் உடம்பெல்லாம் அம்பு தைத்து, அப்போதும் சாகாமல் பிழைத்தவர். அவர் திருவிழாவில் அம்பு விடுவது மரியாதையா என்று புதிதாக வந்த மலையாளிப் பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டார். "அவருக்கு அம்பெல்லாம் பழகிப்போச்சு சாமி" என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவரும் மறுவருடத்திலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

வழக்கம் இதுதான். மைதானத்தின் ஒரு கோடியில் வாழைத்தண்டை நட்டு, அதில் கரியால் ஒரு பொட்டு வைப்பார்கள். எங்கள் குடியிருப்பு மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள்; லயத்துக்கு ஒருவர், ஆளுக்கு மூன்று அம்பு. யாருடைய அம்பு பொட்டுக்கு நெருக்கமாகத் தைக்கிறதோ அந்த லயம் சாயங்காலப் பவனியில் புனிதரின் சப்பரத்தின் முன்பக்கத்தைத் தூக்கும். தோற்றவர்கள் பின்பக்கம். முன்னால் போகிறவனுக்கு ஊரே வழிவிடும், பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கீழ் லயத்தின் வில்லாளி நான். நான் வில்லைத் தொட்ட வருடத்திலிருந்து எங்கள் லயம் பிடரி பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அதுவும் யாருடைய பிடரி? என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் எஸ்டேட் லாரி டிரைவர், மேல் லயத்தின் வில்லாளி. தேநீர் கிளாஸைப் பிடிப்பதுபோல வில்லைப் பிடிப்பார். அம்பு போய்த் தைத்த பிறகும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாப்ள, அது வில்லு. எதுக்கு அதோட கழுத்த நெரிக்கீங்க?" என்பார்.

என் பிடி அப்படி. நான் கவாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைக் கவாத்துக் கத்தியால் வெட்டும்போது கத்தி கையில் அதிர்ந்தால் கிளை பிளந்துவிடும், கங்காணி வாயில் விழ வேண்டியிருக்கும். அதனால் எங்களுக்கு ஒரே பாடம்: அதிர்கிறதா, இன்னும் இறுக்கு. என்னுடையது உடும்புப் பிடி என்று லயத்தில் பேர். அந்தப் பிடியையே வில்லுக்கும் கொண்டுபோனேன். நாணை விட்டதும் மூங்கில் வில் என் உள்ளங்கையில் விண்ணென்று அடிக்கும். அடி மணிக்கட்டில் ஏறி முழங்கையில் போய் உட்காரும், பல் கூசும். நான் இன்னும் இறுக்குவேன். அம்பு இன்னும் இடதுபக்கம் போகும்.

அதிர்வைக் கொல்லப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றினேன். போதவில்லை. அதன்மேல் பழைய கம்பளியைக் கிழித்துச் சுற்றினேன். "வில்லு செய்யுதீங்களா, உலக்க செய்யுதீங்களா?" என்று மனைவி கேட்டாள். நான் இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். அந்த வருடம் அடி கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் கை எதைப் பிடித்திருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் பிடித்தேன், அம்பும் தன் இஷ்டத்துக்குப் போனது. ஒன்று பெட்டிக்கடையில் தொங்கிய பூவன் தாரில் தைத்தது. "வாழையிலதான தச்சிருக்கு, கணக்குல எடுத்துக்கலாமே" என்று மச்சான் எனக்காக வாதாடினார். மைதானமே சிரித்தது. நான் இரண்டு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

மறுவருடம் லயத்துக்காரர்கள் கூடிப் பேசி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவையும் தோற்றால் வில் வேறு ஆளுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவன், பாடத் தெரியாதவன், திருவிழாவில் எனக்கென்று இருந்தது அந்த வில் ஒன்றுதான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மனைவி அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதற வேண்டும். ஒரு முறுக்கு அச்சை விட்டு வரவே இல்லை. அவள் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். எனக்குப் பொறுமை ஏது? "கொண்டா இங்க" என்று இடது கையால் வாங்கினேன். மரப்பிடியை விட்டுவிட்டுக் காய்ந்த கம்பியைப் பிடித்தேன், அதுவும் உடும்புப் பிடியாக. நான்கு விரலும் வெந்துபோயின.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நீல மருந்தை அப்பிவிட்டு, ஒரு வாரத்துக்கு விரலை மடக்கக் கூடாது என்றார். வில் பிடிக்கிற கை அதுதான். லயத்துக்காரர்கள் வந்து பார்த்து, வேறு ஆளை விடலாமா என்றார்கள். "என் கை செத்தா போச்சு?" என்று கத்தி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது.

விடிந்ததும் மனைவி வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கம்பளியையும் டியூபையும் அரிவாள்மனையில் அறுத்து எறிந்தாள். என் இடது கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வெறும் மூங்கிலை வைத்துப் பார்த்தாள். அங்கே புண் இல்லை.

"இதுல சும்மா முட்டுக் குடுத்து வையுங்க. இழுக்கும்போது அது எங்க போகப்போவுது?"

"விட்டப்புறம் கீழ விழுந்திருமே."

பழைய சேலைக் கரையைக் கிழித்து, என் மணிக்கட்டையும் வில்லையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினாள். "இனி விழாது. ஆட்டுக்குட்டி மாதிரி தொங்கும்" என்றாள்.

மைதானத்தில் என் நீலக் கையைப் பார்த்ததும் மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. "மாப்ள, வேண்டாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வருடம் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அவர் மூன்றும் விட்டார். நெருக்கமானது பொட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளித் தைத்தது.

என் முதல் அம்பில் பழைய புத்தி வந்துவிட்டது. விடும் நேரத்தில் விரல்கள் தானாக மடங்கின. உயிர் போகிற வலி. அம்பு மண்ணைக் குத்தியது. பெட்டிக்கடைக்காரர் எழுந்து தன் வாழைத்தாரை உள்ளே எடுத்து வைத்தார்.

இரண்டாவது அம்பில் விரல்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. மடங்குவேனா என்று விறைத்து நின்றன. வில் அந்தப் பள்ளத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தது, மூங்கிலின் கணு ஒன்று தோலில் படுவதுகூடத் தெரிந்தது. நாணை விட்டேன். வில் தானே முன்னால் துள்ளி, சேலைக் கரையில் தொங்கி ஆடியது. கையில் அடி இல்லை, முழங்கையில் ஒன்றும் இல்லை. அம்பு போகவே இல்லையோ என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அது மச்சானின் அம்புக்குப் பக்கத்தில் நின்றது. நடுவர் நூல் பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒரே தூரம் என்றார்.

மூன்றாவதுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கணு அதே இடத்தில் பட்டதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். விட்டேன். வில் துள்ளியது. மச்சான்தான் முதலில் கத்தினார். பொட்டின் நடுவில் தைத்திருந்தது. இத்தனை வருடம் நான்தான் வில்லை அதிரவைத்துக்கொண்டிருந்தேன், அந்த அதிர்வு எங்கேயாவது போய்த் தொலைய இடம் கொடுத்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேல் லயத்துக்காரர்களே என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியார் முன்னால் நிறுத்தினார்கள். சந்தோஷத்தில் எனக்கு வாய் குழறியது.

சாயங்காலம் சப்பரத்தின் முன்கம்பு என் வலது தோளில் இருந்தது. எங்களுக்குப் பின்னால் மச்சான். மனைவி மெழுகுவத்தி ஏந்தி என் பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தாள். பெருமை தாங்காமல் குனிந்து கேட்டேன்.

"நான் விடும்போது கண்ண மூடி முணுமுணுத்துக்கிட்டு நின்னியே, எனக்குத்தான வேண்டுன?"

அவள் ஜெபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போன வருசம் வரைக்கும் எங்க அண்ணனுக்குத்தான் வேண்டுவேன்" என்றாள். "பொறந்த லயம்லா. நீங்க கல்யாணத்துக்குப் பொறகுதான வந்தீங்க."

நான் நின்றுவிட்டேன். சப்பரமும் நின்றது.

"இந்த வருசம்?"

"இந்த வருசம் ஒங்க விரல் புரையோடிராமக் காப்பாத்தும்னு மட்டும் கேட்டேன். அந்தக் கவலையில அண்ணன மறந்தே போயிட்டேன்." மெழுகுவத்தியைக் கை வைத்து மறைத்துக்கொண்டாள். "நான் மின்னமே சும்மா இருந்திருந்தா, நீங்க மின்னமே ஜெயிச்சிருப்பீங்களோ என்னவோ."

கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்து தோள் குலுங்கி, மேலே புனிதரும் சேர்ந்து குலுங்கினார். "மாப்ள, நேராப் போங்க" என்று மச்சான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.