மார்க்கெட்டுக்குப் போன பெண்

ஓட்டுப் போட்ட மறுநாள் எங்கள் வகுப்பில் ஒரே பேச்சுதான் ஓடும். யார் வீட்டில் யார் விரலில் மை எப்படி இருக்கிறது என்பது. ஒருவனுடைய அம்மாவுக்கு மை நகம் தாண்டி வழிந்துவிட்டதாம். இன்னொருவனுடைய அக்கா எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தும் போகவில்லையாம். நான் மட்டும் பேனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன். என் அம்மாவின் விரல் எந்தத் தேர்தலிலும் வெறும் விரலாகவே இருந்தது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், ஒரே வாசலில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குச் சாத்தாங்காட்டில் லாரியில் இரும்புக் கம்பி ஏற்றி இறக்கும் வேலை. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தேரடி வரைக்கும் ஊர்வலம் போனோம். ஆளுக்கு ஓர் அட்டை. பதினெட்டு வயது ஆனவர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளியிலேயே முகாம் நடக்கும், யாரும் பொய்த் தகவல் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் டீச்சர் சொல்லி அனுப்பினார். அதெல்லாம் எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து, மீன் அலசிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் அட்டையும் கையுமாக நின்றேன்.

"எனக்கெல்லாம் ஓட்டு தர மாட்டாங்கடா," என்றாள் அம்மா.

"ஏன்?"

"கெவுருமெண்ட்டுல நான் செத்துப் பூட்டேன்."

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும் பிள்ளைகளே. அம்மா பிறந்தது எண்ணூரில், கடலோரக் குப்பத்தில். அவளுடைய சின்ன வயதிலேயே பெற்றவள் இறந்துவிட, என் தாத்தாதான் ஒண்டியாக வளர்த்தார். அம்மாவுக்குப் பதினெட்டு ஆனதும் தாத்தாவே புதுப் புடவை எடுத்துக் கொடுத்துக் கையோடு கூட்டிப்போய்ப் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டாராம். ஒரு தேர்தல் வருவதற்குள், கடலுக்கே போகாத என் நைனாவைக் கட்டிக்கொண்டு அம்மா திருவொற்றியூருக்கு வந்துவிட்டாள். தாத்தா தெருவில் நின்று, "எனக்குப் பொண்ணு இல்ல. செத்துட்டா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அதோடு போக்குவரத்து நின்றது. நான் பிறந்ததுகூட அவருக்கு யார் மூலமாகவோ போய்ச் சேர்ந்த செய்திதான்.

தாத்தா ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது அம்மாவின் நம்பிக்கை. தெருவில் சொன்னவர், பட்டியல் எடுக்க வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். செத்தவள் என்று அடித்திருப்பார்கள். செத்தவள் போய் எப்படிப் பெயர் சேர்க்கச் சொல்வது? இத்தனை வருஷமும் அம்மா முகாம் பக்கம் போகாததற்கு இதுதான் காரணம். போய்க் கேட்டு, ஆமாம் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால்? கேட்காமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டாள்.

நைனாதான் கிண்டல் செய்வார். "செத்தவளா தெனம் எனக்குக் கொழம்பு வெக்கறா? பேய் வெச்ச கொழம்பா அது? அதான் காரம் மண்டைக்கு ஏறுது."

"உனக்கு இன்னா, சிரிப்பு," என்று அம்மா கரண்டியை ஓங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் விடவில்லை. அழுது, அடம்பிடித்து, ரேஷன் கார்டை நானே எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். இன்றைக்கு இது செல்போனிலேயே ஆகிற காரியம். போன மாதம் என் மூத்த பெண் தன் பெயருக்கு விண்ணப்பம் போட்டாள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டாள். அன்று வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

முகாமில் இருந்த சார் பொறுமையானவர். "முன்னாடி வேற எங்கியாவது பேர் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எண்ணூர்ல இருந்துச்சு சார். இப்ப கீதோ இல்லியோ தெரியல," என்றாள்.

"அத பாத்துட்டு வந்துடுங்க. அங்க இருக்கறப்போ இங்க புதுசா எழுதினா ரெண்டு எடத்துல வந்துடும். அது தப்பு. இன்னிக்கு அங்கியும் முகாம் நடக்குது. பஸ் ஏறினா அரை மணி நேரம்."

அந்த அரை மணி நேரத்தைத்தான் அம்மா என் வயது முழுக்கத் தாண்டாமல் இருந்தாள். முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா," என்றாள்.

எனக்கோ கொண்டாட்டம். ஜன்னலோர சீட். ஒரு பக்கம் கரை நெடுகக் கொட்டியிருந்த கருங்கல்லும் கடலும், தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். அது என்னம்மா, இது என்னம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கிவிட்டாள்.

எண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர் தெருவின் பெயரைக் கேட்டதும், "அந்தத் தெருவுக்கான டீச்சர் இப்பத்தான் வூடு வூடா சரிபார்க்கப் போனாங்க. பட்டியல் அவங்க கையில கீது. அங்கியே போய்ப் பாத்துடுங்க," என்று சொல்லிவிட்டார்.

ஆக, எந்தத் தெருவுக்குள் கால் வைக்காமல் காரியத்தை முடிக்கலாம் என்று அம்மா நினைத்து வந்தாளோ, அதே தெருவுக்குத்தான் போக வேண்டியதாயிற்று. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். தெருமுனையில் படகு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் மறைவில் என்னையும் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

நாலு வீடு தள்ளி, ஒரு வாசலில் ஒரு கிழவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் பின்னிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. எதிரில் குடையும் பட்டியலுமாக ஒரு டீச்சர் நின்றார். அவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"இந்த வூட்டுல ரெண்டு பேருங்க ஐயா. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு உங்க பொண்ணு. பொண்ணு எங்க?"

"கீறா."

"எங்க இருக்கான்னு கேக்கறேன்."

"மார்க்கெட்டுக்குப் போய்க்கீறா."

"போன தபா வந்தப்பவும் மார்க்கெட்டுன்னுதான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வந்த சார் கிட்டயும் அதையே சொல்லியிருக்கீங்க."

"தெனம் துன்றோமில்ல. தெனம்தான் மார்க்கெட்டுக்குப் போவா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஐயா, இல்லாதவங்க பேர நான் வெச்சுகினு இருக்க முடியாது. கல்யாணம் கட்டிப் போய்ட்டாங்கன்னா அதச் சொல்லுங்க. இல்ல, எறந்து கிறந்து..."

கிழவர் சடாரென்று எழுந்தார். வலை காலோடு சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. "இன்னா பேச்சு பேசற? யாரு செத்தா? நல்ல நாளும் அதுவுமா வூட்டு வாசல்ல நின்னுகினு... வாயக் கழுவு மொதல்ல!"

அம்மா என் கையை இறுக்கினாள். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கை வலித்தது ஒரு பக்கம். பொய்த் தகவல் கொடுக்கக் கூடாது என்று தேரடி வரைக்கும் கத்திவிட்டு வந்தவன் நான். கண்ணெதிரில் ஒருவர் ஒரு டீச்சரிடமே கூசாமல் பொய் சொல்கிறார். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் நடுத்தெருவில் நின்றேன்.

"டீச்சர்! இவரு பொய் சொல்றாரு! எங்கம்மா மார்க்கெட்டுல இல்ல! திருவொற்றியூர்ல எங்க வூட்ல கீறாங்க!" அதோடு விடாமல், "இப்ப அந்தப் படகுக்குப் பின்னால கீறாங்க!" என்றும் சொன்னேன்.

அம்மா வெளியே வந்தாள். தலையிலிருந்த முந்தானை நழுவியிருந்தது. தெருவில் யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். தாத்தா அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து, வலை ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"அதான் சொன்னேனில்ல," என்றார் டீச்சரிடம். "மார்க்கெட்டுக்குப் போனவ வந்துட்டா பாரு." பிறகு அம்மா பக்கம் திரும்பாமலே, "இன்னா, வெறுங்கையோட வந்துக்கீற?" என்று கேட்டார்.

அம்மாவின் உதடு கோணிக்கொண்டு போயிற்று. என் முதுகில் கை வைத்து என்னை முன்னால் தள்ளினாள்.

"வெறுங்கையோட ஒண்ணும் வரல," என்றாள்.

தாத்தாவின் கையில் மீன் வாடையும் நைலான் வாடையும் அடித்தன. என் காதைப் பிடித்துத் திருகினார். "இன்னாடா, டீச்சராண்டயே போட்டுக் குடுக்கறியா நீ?" என்றார். திருகினாரே தவிர வலிக்கவே இல்லை.

டீச்சர் குடையை மடக்கிவிட்டு அதே வாசலில் உட்கார்ந்து, அம்மாவின் பெயர் பட்டியலில் எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதைக் காட்டினால் குடியிருக்கிற இடத்தில் சேர்த்துவிடுவார்கள், சேர்த்த பிறகு இங்கே எடுத்துவிடுவோம் என்றும் விளக்கினார்.

"எடுத்துடுவியா?" என்றார் தாத்தா.

"ஒருத்தருக்கு ஒரு எடம்தான் ஐயா."

தாத்தா வலையில் இரண்டு கண் பின்னினார். "சரி, எடு," என்றார். "ஆனா செத்துட்டான்னு எழுதிடாத. வூடு மாறிட்டான்னு எழுது."

"அப்படித்தான் எழுதுவோம்," என்றார் டீச்சர்.

சாயங்காலம் நைனா வந்ததும் முதல் வேலையாக, தாத்தா அரசாங்கத்திடமே பொய் சொன்ன கதையைச் சொன்னேன். நைனா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சொன்னாரு? இன்னொரு தபா சொல்லு," என்றார். சொன்னேன். "மறுக்கா சொல்லு," என்றார். ஒரு பொய்யை எத்தனை தடவைதான் சொல்வது? எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் அம்மா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஓட்டுப் போட்டாள். நான் வாசலிலேயே காத்திருந்தேன். மை நகத்தில் பளபளவென்று இருந்தது. ஈரம் காயும்வரை விரலை நீட்டியபடியே வீட்டுக்கு நடந்து வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. பையை எடுத்தாள். அதில் ஏற்கனவே காய்கறியும் வெற்றிலையும் புதுத் துண்டு ஒன்றும் இருந்தன.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் நைனா, தெரியாதவர்போல.

"மார்க்கெட்டுக்கு," என்றாள் அம்மா.

நான் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். மார்க்கெட் இந்தப் பக்கம் இருக்க, அம்மா அந்தப் பக்கம், எண்ணூர் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அதுவும் நிரம்பிய பையோடு. அம்மாவுக்கு வழி மறந்துவிட்டது என்று நினைத்து, "யம்மா, அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்த வாயைத் திறந்தேன். நைனா பின்னால் வந்து என் வாயைப் பொத்திவிட்டார். ஏன் பொத்தினார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.